பேய் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1963ஆம் ஆண்டின் ‘தி ஹான்டிங்’

கேள்வி இது: ‘தி ஹான்டிங்’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பேய்வீட்டுப் படங்களிலேயே தலைசிறந்தது என்று பலர் புகழ்கிறார்கள், பார்த்தபோது தூக்கம் வந்துவிட்டது என்று வேறு பலர் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன். கடைசிவரை பேய் வரவே இல்லை. கதாநாயகியோ தனக்குள் புலம்பிக்கொண்டே இருக்கிறாள். நான் எதையாவது தவறவிட்டேனா, அல்லது பழைய படம் என்பதற்காகக் கொடுக்கப்படும் மரியாதையா?

நீங்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டீர்கள். கேட்க வேண்டியதைத்தான் தவறவிட்டிருக்கக்கூடும். இந்தப் படம் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும், பேய் பயமுறுத்துகிறதா இல்லையா என்பதைப் பற்றித்தான் தாங்கள் சண்டையிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு, அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரியும் இடம் எலனோர் என்ற அந்தப் பெண்தான் என்று தோன்றுகிறது. அவள்மேல் இரக்கம் பிறந்தவருடைய தூக்கத்தைப் படம் கெடுக்கிறது; அவளால் எரிச்சலுற்றவருக்கு அதே படம் தூக்கத்தை வரவழைக்கிறது. ஏன் அப்படி என்று விளக்குவதற்குக் கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் நான் கேட்ட குறைகளில் சில வேறு படத்தைப் பற்றியவையாகவே இருந்திருக்கின்றன. ஷெர்லி ஜாக்சன் 1959இல் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். அதே 1959இல் வில்லியம் காஸில் எடுத்த ‘ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்’ என்ற படமும் வந்தது. ஓர் எலும்புக்கூட்டைக் கம்பியில் கட்டித் திரையரங்குக்குள் பார்வையாளர்களின் தலைக்கு மேலே பறக்கவிட்டது அந்தப் படத்துக்குத்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜாக்சனின் நாவலை ராபர்ட் வைஸ் 1963இல் படமாக்கினார். 1999இல் யான் டி போன்ட் அதே பெயரில் மறுபடி எடுத்தார். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் மைக் ஃபிளனகன் 10 பகுதிகள் கொண்ட தொடராக அதை முற்றிலும் வேறு கதையாக்கினார். நீங்கள் பார்த்தது வைஸின் படம் என்பது ‘தி ஹான்டிங்’ என்ற பெயரோடு கறுப்பு வெள்ளை என்றும் சொன்னதிலேயே தெரிகிறது.

பேயே வரவில்லை என்ற முறையீடு உங்கள் தலைமுறையில் பிறந்தது அல்ல. படம் வெளிவந்த மறு ஆண்டே, 1964இல், அமெரிக்கத் திரை விமர்சகர் பாலின் கேல், படங்களும் பார்வையாளர்களும் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது பற்றி எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில், தாம் இந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்த அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். அரங்கில் இருந்தவர்கள் நிலைகொள்ளாமல் பேசிக்கொண்டே இருந்தார்களாம். அவருக்கு அருகில் ஓர் ஆணும் பெண்ணும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடுவேன் என்று அந்த ஆண் மிரட்ட, பொறுங்கள், ஏதாவது நடக்கும் என்று அந்தப் பெண் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் கணக்கில் கடைசிவரை எதுவும் நடக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை என்பது கேலின் கருத்து. படத்தை மகத்தானது என்று அவரும் தூக்கிப்பிடிக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, வண்ணத்துக்கும் கிராஃபிக்ஸுக்கும் பழகிய கண்தான் இந்தப் படத்தை ஏற்க மறுக்கிறது என்ற வாதம் முழுதும் பொருந்தாது. கறுப்பு வெள்ளை அன்றாட வழக்கமாக இருந்த காலத்திலேயே அந்தத் தம்பதி போன்றவர்கள் இருந்தார்கள்.

என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு வருகிறேன். எலனோர் 11 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டவள். தாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவாள். மகள் எழுந்து போக வேண்டும். தாய் இறந்த இரவில் அந்தத் தட்டல் கேட்டதா, கேட்டும் எழாமல் படுத்திருந்தாளா என்பது எலனோருக்கே உறுதியாகத் தெரியவில்லை. தாய் போன பிறகு அக்காள் வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கொள்கிறாள். காரின் விலையில் பாதி இவளுடையது. ஆனாலும் எடுத்துப்போகக் கூடாது என்கிறார்கள். அந்தக் காரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு, டாக்டர் மார்க்வே என்ற ஆய்வாளர் அழைத்த ஹில் ஹவுஸுக்கு அவள் புறப்படுவதுதான் அவள் வாழ்க்கையில் நடக்கும் முதல் துணிகரச் செயல். படத்தின் தொடக்கத்தில் வரும் இந்த அக்காள் வீட்டுக் காட்சியைப் பலர் கதைக்கு முந்தைய சடங்கு என்று நினைத்துக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு கடத்திவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் காட்சியைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வரும் எந்தச் சத்தத்துக்கும் பொருள் இருக்காது.

இப்போது வீட்டின் கதையைப் பாருங்கள். ஹியூ கிரெய்ன் என்பவன் கட்டிய வீடு அது. அவனுடைய முதல் மனைவி வீட்டைக் கண்ணால் காணும் முன்பே வண்டி மரத்தில் மோதி இறக்கிறாள். இரண்டாமவள் படிக்கட்டில் விழுந்து இறக்கிறாள். மகள் அபிகேல் குழந்தைகள் அறையிலேயே வளர்ந்து, கிழவியாகி, படுத்த படுக்கையாகிறாள். ஓர் இரவு உதவிக்காகத் தன் கைத்தடியால் சுவரைத் தட்டுகிறாள். துணைக்கு வைத்திருந்த பெண், பண்ணையாள் ஒருவனோடு வராந்தாவில் இருந்துவிட்டதால் வரவில்லை, கிழவி இறந்துபோகிறாள். அந்தத் துணைப்பெண் பின்னாளில் நூலக அறையின் சுழல் படிக்கட்டில் தூக்கிட்டுக்கொள்கிறாள். எலனோர் அந்த வீட்டில் வந்து இறங்கும்போது, தன்னுடைய குற்றம் தனக்கு முன்பே அங்கே நடந்து முடிந்திருப்பதைத்தான் காண்கிறாள். இந்த ஒற்றுமையைப் படம் அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை. முதல் இரவில் தட்டும் சத்தத்தில் பாதித் தூக்கத்திலிருந்து விழிக்கும் எலனோர் முதலில் சொல்வது, இதோ வருகிறேன் அம்மா என்பதுதான். தாய் இறந்துவிட்டாள் என்பது அதற்குப் பிறகுதான் அவள் நினைவுக்கு வருகிறது. படத்தின் மிகக் கொடூரமான கணம் என்று நான் கருதுவது அதைத்தான், இடிபோல் கதவு அதிரும் பிந்தைய கணங்களை அல்ல.

இதை எனக்கு விளங்கவைத்தவர் என் அத்தை. திரைப்படங்களைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. என் பாட்டி நடமாட முடியாமல் கிடந்த 6 ஆண்டுகளும் அவர்தான் உடனிருந்து பார்த்துக்கொண்டார். பாட்டி எவர்சில்வர் தம்ளரால் இரும்புக் கட்டிலின் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடுவார். ஒரு விடுமுறையில் நான் இந்தப் படத்தைப் போட்டபோது, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் அவருக்குப் பாதிகூடப் புரிந்திராது. அவ்வப்போது நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டும் காட்சி வந்ததும் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். அறையில் இருந்த இளையவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை சொன்னது வேறு: “அந்தப் பொண்ணு பேய்க்குப் பயப்படல. எழுந்து போகணுமேன்னு பயப்படுது.” படம் முடியும்வரை அவர் வெண்டைக்காயைத் திரும்ப எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அந்த ஒரு வாக்கியத்தின் அருகே வரவில்லை.

பயம் எப்படிச் செய்யப்பட்டது என்ற தொழில்நுட்பப் பக்கத்தையும் பார்க்கலாம். இங்கே படத்தின் எதிரிகள்கூடப் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள். ராபர்ட் வைஸ் அடிப்படையில் எடிட்டர். 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தொகுத்தவர் அவர்தான். பிறகு ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் இயக்குநராக வளர்ந்தார். குறைந்த செலவில் பேய்ப்படம் எடுப்பதில் லூட்டன் பெயர் பெற்றவர். எதையும் நேராகக் காட்டாமல், நிழலையும் சத்தத்தையும் கொண்டு மீதியைப் பார்ப்பவரின் மனத்திடம் விட்டுவிடுவது அவருடைய வழி. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கையோடு, ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுப்பதற்கு முன்பு, வைஸ் தம் ஆசானின் வழிக்குத் திரும்பி வந்து எடுத்த படம் இது. இரண்டு பிரம்மாண்டமான வண்ண இசைப்படங்களுக்கு நடுவே இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒளிந்துகொண்டிருப்பதே ஒரு வேடிக்கைதான்.

செலவைக் கட்டுக்குள் வைப்பதற்காகப் படப்பிடிப்பு இங்கிலாந்துக்குப் போனது. கதை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடந்தாலும், வீட்டின் வெளிப்புறமாக நாம் காண்பது ஸ்ட்ராட்ஃபோர்டு அபான் ஏவன் ஊருக்கு அருகில் உள்ள எட்டிங்டன் பார்க் என்ற மாளிகை. இன்று அது ஒரு ஹோட்டல். வெளிப்புறக் காட்சிகளுக்கு அகச்சிவப்புக் கதிர்களைப் பதியும் படச்சுருளைப் பயன்படுத்தினார்கள். அதனால் வானம் கறுத்து, கற்சுவரின் ஒவ்வொரு வடுவும் தோலின் சுருக்கம்போல் வெளித்தெரிகிறது. வீட்டுக்குள்ளே நடப்பவை போரம்வுட் ஸ்டுடியோவில் போட்ட அரங்குகளில் எடுக்கப்பட்டன. அந்த அரங்குகளுக்குக் கூரை போடப்பட்டிருந்தது. வழக்கமாக விளக்குகளைத் தொங்கவிடுவதற்காக மேற்பகுதியைத் திறந்தே விடுவார்கள். கூரை தலைக்கு மேலே கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் இந்த வீட்டில் மூச்சுவிட இடமில்லாததுபோல் இருக்கிறது.

லென்ஸ் விஷயம் இன்னும் சுவையானது. வைஸ் மிக அகலமான கோணம் காட்டும் ஒரு பனாவிஷன் லென்ஸைக் கேட்டார். 30 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது, ஆனால் அது இன்னும் சரிப்படுத்தப்படவில்லை, ஓரங்களில் உருவங்களை வளைக்கிறது என்று நிறுவனம் தயங்கியது. வளைவுதான் எனக்கு வேண்டும் என்று சொல்லி, குறையுள்ள லென்ஸ் என்று தெரிந்தே பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வைஸ் அதை வாங்கினார். இந்த வீட்டில் எந்த மூலையும் செங்கோணத்தில் இல்லை என்று டாக்டர் மார்க்வே படத்தில் விளக்குகிறார். அவர் விளக்குவதற்கு முன்பே நம் கண் அதை உணர்ந்திருக்கக் காரணம் அந்தக் குறையுள்ள கண்ணாடிதான்.

பேச்சறையின் பெரிய கதவு மூச்சுவிடுவதுபோல் உள்நோக்கி உப்பும் காட்சியை இன்றைக்கும் பலர் வியந்து பேசுகிறார்கள். அதில் பொறி ஏதும் இல்லை. வளையக்கூடியபடி அடுக்குப் பலகையில் கதவைச் செய்து, மறுபுறத்தில் இருந்து பலசாலியான ஒரு பணியாளரைத் தள்ளச் சொன்னார்கள். தட்டும் சத்தங்களையும் முணுமுணுப்புகளையும் முன்கூட்டியே பதிவுசெய்து படப்பிடிப்பின்போது அரங்கில் ஒலிக்கவிட்டார்கள். ஆகவே நடிகர்கள் வெறும் கற்பனைக்கு முகம் காட்டவில்லை, உண்மையாகவே ஒரு சத்தத்தைக் கேட்டுத்தான் மிரள்கிறார்கள். நீங்கள் கேட்கத் தவறியிருக்கலாம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும் அறையில், அடுத்த அறையில் குக்கர் விசில் அடிக்கும்போது இந்தப் படத்தைப் பார்ப்பவருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும். தாழ்ந்த குரலில் ஓர் ஆண் ஏதோ ஓதுவதுபோல் கேட்கிறது, சொற்கள் பிடிபடுவதில்லை. நடுவே ஒரு குழந்தை சிரிக்கிறது, பிறகு அழுகிறது. அப்போது திரையில் இருப்பது சுவரின் பூவேலை மட்டுமே. நிலவொளி மெல்ல மாற, அந்தப் பூவேலைக்குள் ஒரு முகம் இருப்பதாகத் தோன்றத் தொடங்குகிறது. கண்ணும் வாயும் அங்கே உண்மையில் இருக்கின்றனவா, நாமே வரைந்துகொள்கிறோமா என்று சொல்ல முடியாது. இருட்டில் எலனோர் தன் தோழி தியோடோராவின் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். பிடி எலும்பு நொறுங்கும்படி இறுகுகிறது. குழந்தையைத் துன்புறுத்துவதை இனியும் பொறுக்க முடியாது என்று அவள் கத்த, விளக்கு எரிகிறது. தியோடோரா அறையின் மறுபக்கத்தில் படுக்கையிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறாள். அப்படியானால் இதுவரை யார் கையைப் பிடித்திருந்தேன் என்று எலனோர் தன் கையைப் பார்க்கிறாள். இந்த இடத்தில் பயப்படவில்லை என்று சொன்னவர்களை நான் சந்தித்தது மிகக் குறைவு. அப்படிச் சொன்னவர்களும் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

இனி, படத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் எவற்றுக்கு நான் இணங்குகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலனோரின் மனக்குரல் அளவுக்கு மீறி ஒலிக்கிறது என்பது நியாயமான குறை. நாவலில் அவள் எண்ணங்களாகப் படிக்கும்போது உறுத்தாதவை, திரையில் கிசுகிசுப்பாகக் கேட்கும்போது, முகமே சொல்லிவிட்டதை வாயும் சொல்வதாக ஆகிவிடுகின்றன. எலனோராக நடித்த ஜூலி ஹாரிஸ் போன்ற ஒரு நடிகையின் முகம் கையில் இருக்கும்போது அந்த மனக்குரலில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கதாபாத்திரமே எரிச்சலூட்டுகிறது, சதா தன்னைப் பற்றியே நினைக்கிறாள், சின்ன விஷயத்துக்கும் பொருமுகிறாள் என்ற குறை வேறு வகையைச் சேர்ந்தது. அவள் அப்படித்தான் இருக்க வேண்டும். 11 ஆண்டுகள் ஒருவரோடும் பேசாமல் வாழ்ந்தவளுக்கு முதன்முறையாக நான்கு பேர் கூடியிருக்கும் மேசையில் எப்போது சிரிப்பது, எவ்வளவு பேசுவது என்று எப்படித் தெரியும்? தனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, அடுப்பு மாடத்தின்மேல் கல்லால் ஆன சிங்கங்கள் இரண்டு இருக்கின்றன என்று அவள் தியோடோராவிடம் சொல்லும் பொய்யைக் கேட்டால் சிரிப்பு வராது. வரும் வழியில் யாருடைய வாசலிலோ பார்த்த கல் சிங்கங்கள் அவை.

ஜூலி ஹாரிஸைப் பற்றி ஒரு செய்தி உண்டு. படப்பிடிப்புக் காலத்தில் அவர் உண்மையாகவே மனச்சோர்வில் இருந்தார், சக நடிகர்களிடமிருந்து ஒதுங்கியே இருந்தார். தியோடோராவாக நடித்த கிளேர் புளூம், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக் குழம்பியிருக்கிறார். படப்பிடிப்பு முடிந்த பிறகு ஹாரிஸ் ஒரு பரிசுப்பொருளோடு அவர் வீட்டுக்கு வந்து, அந்தப் பாத்திரத்துக்குள் இருப்பதற்காகவே விலகியிருந்ததாக விளக்கினார் என்பதைப் புளூமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். திரையில் அந்த நால்வரின் நடுவே எலனோர் மட்டும் வேறொரு காற்றைச் சுவாசிப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை டாக்டரின் மனைவி. நாவலில் அவர் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். படத்தில் பேயை நம்பாத, கணவனை அழைத்துப்போக வரும் மனைவியாக மாற்றியிருக்கிறார்கள். நடித்தவர் லோயிஸ் மேக்ஸ்வெல். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் மனிபென்னியாகவே அவரை அறிந்தவர்களுக்கு அவர் வாசலில் வந்து நின்றதும் படத்தின் பிடி சற்றுத் தளர்ந்துவிடுகிறது. உச்சிக் கதவைத் திறந்துகொண்டு திடீரென்று அவர் முகம் தெரியும் இடம்தான் படத்தில் நம்மைத் துள்ளவைப்பதற்கென்றே வைத்த ஒரே இடம். திரையரங்கில் பார்த்தவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பிறர் வீட்டுச் சாமான் போலத்தான் தெரிகிறது. மற்ற இடங்களில் இவ்வளவு பொறுமை காட்டிய இயக்குநர் அங்கே மட்டும் அவசரப்பட்டுவிட்டார். வீட்டின் வாரிசான லூக்காக வரும் ரஸ் டாம்ப்ளினின் வேடிக்கைப் பேச்சுகள் பழசாகிவிட்டன என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை.

தியோடோராவைப் பற்றிய கருத்துகள் காலத்தோடு மாறிவந்திருக்கின்றன. அவள் பெண்களை விரும்புபவள் என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றைய ஹாலிவுட் தணிக்கை நெறிகளின் கீழ் வெளிப்படையாகச் சொல்வது எளிதும் அல்ல. அவள் தன் துணையைப் பிரிந்து வருவதைக் காட்டும் ஒரு தொடக்கக் காட்சியை எடுத்துவிட்டு, அது வெளிப்படையாக இருக்கிறது என்று வைஸே நீக்கிவிட்டார். மிஞ்சியிருப்பது ஒரு பார்வையும், தோளில் விழும் ஒரு கையும், எலனோர் கோபத்தில் வீசும் ஒரு கொடுஞ்சொல்லும்தான். அக்காலப் படங்களில் இப்படிப்பட்ட ஒரு பெண்ணை வில்லியாகவோ இரக்கத்துக்குரியவளாகவோ ஆக்காமல், அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான அறிவுள்ளவளாக வைத்ததை இன்றைய பார்வையாளர்கள் பலர் பாராட்டுகிறார்கள். எலனோருக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவளும் அவள்தான்.

அடுத்து வருவது எல்லாரும் கேட்கும் கேள்வி: இவை எல்லாம் எலனோரின் மனப்பிரமையா? திரைக்கதை எழுதிய நெல்சன் கிடிங்குக்கே நாவலைப் படித்தபோது அந்த எண்ணம் தோன்றியது. மனநோய் விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணின் கற்பனையே இந்தக் கதை முழுவதும் என்று அவர் கருதினார். அவரும் வைஸும் ஷெர்லி ஜாக்சனை நேரில் சந்தித்து இதைக் கேட்டபோது, நல்ல யோசனைதான், ஆனால் நான் எழுதியது பேய் உலவும் வீட்டைப் பற்றித்தான் என்று அவர் சொல்லிவிட்டார். படத்துக்குச் சுருக்கமாக ‘தி ஹான்டிங்’ என்ற பெயர் கிடைத்ததும் அந்தச் சந்திப்பில்தான். ஆக, மனப்பிரமை என்று முடிவுகட்டுபவர்கள் நாவலாசிரியரின் பேச்சுக்கு எதிராகப் போகிறார்கள். இருந்தாலும் கிடிங்கின் எண்ணத்தின் சாயல் படத்தில் எஞ்சியிருக்கிறது என்பது உண்மை. தட்டும் சத்தத்தைத் தியோடோராவும் கேட்கிறாள், கதவு உப்புவதை மற்றவர்களும் பார்க்கிறார்கள். ஆகவே ஏதோ ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்று எலனோரிடம் மட்டும் ஆர்வம் காட்டுகிறது. சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும் செய்தியும் அவள் பெயரைச் சொல்லி, அவள் வீடு வந்து சேர உதவுங்கள் என்றே கேட்கிறது. நம் ஊர்ப் பேய்ப்படங்களுக்குப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. பேய் யார், எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்க வந்தது, எப்படிப் போகும் என்ற நான்கு கேள்விக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக்கில் விடை கிடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த வீட்டுக்குக் கணக்குத் தீர்க்க எதுவும் இல்லை. அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

1999இல் வந்த ரீமேக்கை இந்த இடத்தில் ஒப்பிடலாம். அதிகம் ஒப்பிடும் தகுதி அதற்கு இல்லை. லியாம் நீசன், கேத்தரின் சீட்டா ஜோன்ஸ், லிலி டெய்லர் என்று நல்ல நடிகர்களும், வைஸ் கனவிலும் கண்டிராத செலவும் கிடைத்தும், சிலைகள் அசைகின்றன, படுக்கை உயிர் பெறுகிறது, கடைசியில் ஹியூ கிரெய்னே பெரிய உருவமாக எழுந்து வருகிறான். பேயைக் காட்டியிருந்தால் பழைய படம் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்படி சொல்வதுதான் என் வழக்கம். கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது, பயத்தைத் தவிர.

காட்டக் கூடாது என்ற கொள்கைக்கு மறுப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1981இல் வெளியிட்ட ‘டான்ஸ் மகாபர்’ நூலில் இதைப் பற்றி நேர்மையாக எழுதியிருக்கிறார். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதாக நினைப்பதைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை. கதவைத் திறந்து பத்தடிப் பூச்சியைக் காட்டினால், நல்லவேளை நூறடிப் பூச்சி இல்லை என்று பார்ப்பவர் பெருமூச்சு விடுவார். வைஸ் கதவைத் திறக்காமலே விட்டதைக் கிங் பாராட்டுகிறார். ஆனால், கதவைத் திறக்காமலே இருப்பது வெற்றிக்கு ஆடாமல் சமன் செய்வதற்கு ஆடும் ஆட்டம், எழுத்தாளன் எப்போதாவது கதவைத் திறந்துதான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசியோ 2009இல் தம்மை மிகவும் பயமுறுத்திய 11 படங்களைப் பட்டியலிட்டபோது இதை முதல் இடத்தில் வைத்தார். இருவருமே பார்வையாளர்கள்தான், யாரோடு சேர்வது என்பது உங்கள் விருப்பம். என் பார்வையில் கிங்கின் வாதம் இந்தப் படத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் எலனோர் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டவள் அல்ல. தாயின் அறைக் கதவை அந்த இரவில் திறக்காமல் போனவள் அவள். மூடிய கதவு அவளுடைய குற்றமாகவே நிற்கிறது, திறந்து காட்ட அதற்குப் பின்னால் பூச்சி எதுவும் தேவையில்லை.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், இரவில் தனியாக, காதில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அக்காள் வீட்டுக் காட்சியைக் கவனமாகக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். 112 நிமிடப் படம். முதல் 40 நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். முடிவில், எலனோரை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். போக அவளுக்கு இடமில்லை. கார் நகரும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதாக அவளுக்குத் தோன்றுகிறது. முதலில் போராடுகிறாள், பிறகு விட்டுவிடுகிறாள். காருக்குக் குறுக்கே ஒரு பெண் உருவம் ஓட, கார் மரத்தில் மோதுகிறது. கிரெய்னின் முதல் மனைவியைக் கொன்ற அதே மரம். இதைத் தற்கொலை என்பவர்களும் கொலை என்பவர்களும் இருக்கிறார்கள். நாவலில் மோதலுக்கு முந்தைய நொடியில் தான் ஏன் இதைச் செய்கிறேன் என்று அவள் திகைக்கும் ஒரு வரி உண்டு. படம் அதைத் தவிர்த்துவிட்டு ஓடும் பெண்ணைக் கொண்டுவந்தது, விபத்து என்ற மூன்றாவது விளக்கத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வரும் குரலைத்தான் நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்க விரும்புகிறேன். படத்தைத் தொடங்கிவைத்தது டாக்டர் மார்க்வேயின் குரல்: ஹில் ஹவுஸ் 90 ஆண்டுகளாக நிற்கிறது, இன்னும் 90 ஆண்டுகள் நிற்கலாம், அங்கே நடமாடியது எதுவோ அது தனியாகவே நடமாடியது என்று அது சொன்னது. முடிவில் ஏறக்குறைய அதே சொற்கள் வருகின்றன, ஆனால் பேசுவது எலனோர். நடமாடியது என்ற இடத்தில், இங்கே நடமாடும் ‘வி’ (we) என்கிறாள். இந்த வரியைத் தமிழில் எழுத முயன்றபோதுதான் எனக்குச் சிக்கல் விளங்கியது. ஆங்கிலத்தின் அந்தச் சொல்லுக்கு நம்மிடம் நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. நாங்கள் என்றால், கிரெய்னின் மனைவியரும் அபிகேலும் துணைப்பெண்ணும் இருக்கும் கூட்டத்தில் அவள் ஒருத்தியாகிவிட்டாள். வாழ்நாள் முழுதும் யாருடைய கூட்டத்திலும் சேராதவளுக்குக் கடைசியாக ஓர் இடம் கிடைத்துவிட்டது, நாம் வெளியே நிற்கிறோம். நாம் என்றால், அவள் திரும்பி நம்மையும் அழைக்கிறாள். என் அத்தைக்கு அந்த வரியைச் சொல்ல வேண்டி வந்தபோது நான் ‘நாங்கள்’ என்று சொன்னேன்.